நான்காவது சம்மதப் படிவம்

சுரங்க விபத்து பற்றிய என் ஆய்வுக்கு அனுமதி தந்த பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒரு நிபந்தனை விதித்தது. ஆய்வேட்டில் யார் பெயர் வந்தாலும் அவரிடம் சம்மதம் வாங்க வேண்டும்.

ஒக்கலிபுரத்தில் அய்யாவு ஐயாவின் வீட்டில் அவரிடம் அதைச் சொன்னேன். தங்கவயல் சுரங்கத்தில் பாறை சரிந்தபோது, ஐந்து பேரில் உயிரோடு மேலே வந்தவர் அவர் மட்டும்தான்.

"அப்போ அந்த நாலு பேரையும் கேட்டுடும்மா," என்றார்.

"ஐயா, அவங்க..."

"நீ படிம்மா. கேப்பாங்க."

அவர் மனம் நோகக் கூடாதென்று நான்கு படிவங்களில் பெயர் எழுதி மேசையில் வைத்தேன். விதிப்படி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, ஆளில்லாத நாற்காலிகளைப் பார்த்து உரக்க வாசித்தேன். விருப்பமில்லையென்றால் மறுக்கலாம் என்ற கடைசி வரியையும் விடவில்லை.

வாசித்து முடித்துக் குனிந்தேன். மூன்று படிவங்களில் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. தொட்டால் ஈரமான பாறைத்தூள் விரலில் ஒட்டியது. நான்காவது வெறுமையாக இருந்தது. என் கைகள் தாமாகவே குவிந்தன.

"அது யாருது?" என்று கேட்டார் அய்யாவு. சொன்னேன்.

"அவன் அப்பவே கூச்சக்காரன். விட்டுடும்மா."

ஆய்வேட்டில் மூன்று பெயர்கள்தான் இருக்கின்றன. நான்காமவர் பெயரை அதன்பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.