வாந்தி எடுக்காத மாப்பிள்ளை

"அப்பா, புரட்டுது."

"பஸ்ஸே இன்னும் கிளம்பலடா!"

சேலம் பஸ் ஸ்டாண்ட். ஏற்காடு பஸ்ஸின் ஜன்னலோரத்தில், எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்தியபடி உட்கார்ந்திருந்தான் ஸ்தனிஸ்லாஸ். பெண் பார்க்கப் போகிறவன் முகமா அது? பக்கத்தில் அவன் அப்பா சூசைமாணிக்கம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் ஒரு தடவை போய் வந்ததுதான். பையனுக்குப் பெண்ணைப் பிடித்தது. பெண் மரியசெல்விக்கும் பிடித்தது. பிடிக்காமல் போனது அவள் அப்பா லாசருக்குத்தான். மலைப்பாதை முழுக்க அடக்கி வைத்திருந்ததை, பஸ்ஸை விட்டு இறங்கியதும், வரவேற்க வந்த மனுஷரின் வெள்ளை வேட்டியிலேயே கொட்டிவிட்டான் மாப்பிள்ளை.

லாசர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். கறாரான ஆள்.

"எனக்கு ஒரே பொண்ணுங்க. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா மருமகன் மலையேறி வர வேண்டாமுங்களா? இன்னொருக்கா வாங்க. மாத்திரை, மந்திரம், யார் ஒத்தாசையும் கூடாது. வாந்தி எடுக்காம வந்து எறங்கினா பொண்ணு. எடுத்தா, வந்த பஸ்லயே திரும்பிருங்க."

அந்த 'இன்னொருக்கா'தான் இது.

பஸ் நகரும்போது ஒரு ஆள் ஓடிவந்து ஏறினான். அப்பாவையும் மகனையும் ஜன்னல் பக்கம் நெருக்கித் தள்ளிவிட்டு உட்கார்ந்தான்.

அடிவாரம் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு. ஸ்தனிஸ்லாஸ் கண்ணை மூடினான்.

"இதெல்லாம் ஒரு மலைங்களா?" என்றான் அந்த ஆள். "காஷ்மீர் போயிருக்கீங்களா? அங்க டீயை ஊத்தறதுக்குள்ள கட்டியாயிரும். அருவாள்ல வெட்டித்தான் திங்கணும்."

சூசைமாணிக்கம் ரிட்டயர்டு டி.டி.ஆர். ரயில்வே பாஸில் குடும்பத்தோடு தேசம் முழுக்கச் சுற்றியவர். டிக்கெட் எடுக்காதவன் சொல்லும் பொய்யைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர். சொந்த மச்சினனுக்கே அபராதம் போட்டவர். சும்மா இருப்பாரா?

"யோவ், நான் காஷ்மீர்ல டீ குடிச்சிருக்கேன். சுடச்சுட."

"நீங்க போனது வெயில் காலமுங்க. சரி, ராஜஸ்தான்ல ஒட்டகத்துத் திமில்ல கொழா வெச்சிருக்கானே, திருகினா தண்ணி வருதே, அதைப் பாத்தீங்களா?"

பின்சீட்டில் பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த அம்மாள், "அப்பறம்?" என்றாள்.

"அப்பறம் என்னங்க, தாஜ்மகால். நான் போறப்ப சுண்ணாம்பு அடிச்சிட்டிருந்தாங்க. நானும் ஒரு கை அடிச்சேன்."

"அது பளிங்குக்கல்லுய்யா! சுண்ணாம்பு எதுக்கு?"

"அதையேதான் நானும் கேட்டனுங்க. பதில் சொல்ல ஆளில்லே."

பஸ்ஸே சிரித்தது. சூசைமாணிக்கத்துக்கு மட்டும் நெற்றி நரம்பு புடைத்தது.

"கோல்கொண்டா கோட்டையில கீழ நின்னு கையத் தட்டினா டெல்லியில கேக்கும்."

எலுமிச்சம்பழம் மூக்கை விட்டு இறங்கியது.

"டெல்லியில இல்லீங்க, கோட்டை உச்சியிலதான் கேக்கும்!" என்றான் ஸ்தனிஸ்லாஸ். "நானே தட்டியிருக்கேன்."

"உங்களுக்குக் கை சின்னதுங்க தம்பி."

"கைக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

பையனுக்குக் கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. போன தடவை இந்த வளைவில் வெளிறிக் கிடந்த முகம்.

"போன வருஷம் டெல்லி ஏசியாட் ஓட்டப் பந்தயத்துல நானும் ஓடினனுங்க. ஆனைகூட. ஆனைக்கு ரெண்டாவது பரிசு."

சூசைமாணிக்கம் எழுந்தே விட்டார்.

"வண்டியை நிறுத்துய்யா! ஒண்ணு இந்தப் புளுகன் இறங்கணும், இல்ல நான் இறங்கணும்!"

"ரெண்டு பேருமே இறங்கலாங்க. ஏற்காடு வந்திருச்சு," என்றார் கண்டக்டர்.

அந்த ஆள் பின்வாசல் வழியாக இறங்கிக் கூட்டத்தில் மறைந்தான். கீழே லாசர் தள்ளி நின்றிருந்தார், விரித்த குடையைக் கேடயம்போல் முன்னால் பிடித்துக்கொண்டு.

"என்னங்க, ஆச்சுங்களா?"

"என்ன ஆச்சுங்களா?"

அப்போதுதான் அப்பனுக்கும் மகனுக்கும் நினைவு வந்தது. ஸ்தனிஸ்லாஸ் வாந்தி எடுக்க மறந்துபோயிருந்தான்!

லாசர் பையனைச் சுற்றி வந்து பார்த்தார். சட்டையை முகர்ந்தார். குடையை மடக்கினார்.

"ஊட்டுக்கு வாங்க சம்மந்தி."

வீட்டில் காப்பி கொண்டுவந்து நீட்டிய ஆளைப் பார்த்ததும் சூசைமாணிக்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ்ஸில் வந்த அதே புளுகன்!

"இவன் என் மச்சான் சிங்கராயனுங்க, பொண்ணுக்குத் தாய்மாமன்," என்றார் லாசர். "போன தடவை நீங்க வந்தப்ப காய்ச்சலாப் படுத்திருந்தான். பக்கத்துல மாரமங்கலத்துல மொளகுத் தோட்டம் போட்டிருக்கான். சேலத்தைத் தாண்டினதில்லே. வாயத் தொறந்து நாலு வார்த்தை பேசத் தெரியாது பாவம்."

சொல்லிவிட்டுப் பெண்ணைக் கூப்பிட உள்ளே போனார்.

"ஏன்யா..." என்று ஆரம்பித்தார் சூசைமாணிக்கம்.

சிங்கராயன் குனிந்து முணுமுணுத்தான். "மன்னிச்சுக்கங்க. கட்டுனா இவரைத்தான்னு புள்ள ஒரே அழுகைங்க. சேலத்துக்கே போயி, பேச்சுக் குடுத்துட்டே கூட்டியாங்க மாமான்னு என்னை அனுப்பிச்சுது. எனக்கென்ன பேசத் தெரியும்? வாயில வந்ததைச் சொன்னனுங்க. லாசர் மாமனுக்குத் தெரிஞ்சா, யார் ஒத்தாசையும் இல்லாமங்கிற பேச்சுப் போச்சுன்னு கல்யாணத்தையே நிறுத்திப்போடுவாருங்க."

லாசர் திரும்பி வந்தார். பின்னாலேயே மரியசெல்வி.

"ஏன் மச்சான், காலம்பற இருந்து ஆளையே காணோமே. எங்க போயிருந்தே?"

சிங்கராயன் விழித்தான். வழியெல்லாம் அத்தனை பொய் சொன்ன வாய்க்கு இப்போது ஒரு பொய் அகப்படவில்லை.

லாசரின் புருவம் ஏறியது.

"ஏனுங்க சம்மந்தி, இவன் உங்க பஸ்லயா வந்தான்?"

மரியசெல்வி பலகாரத் தட்டைச் சட்டென்று அப்பாவின் முன்னால் நீட்டினாள். ஸ்தனிஸ்லாஸ் அப்பாவைப் பார்த்தான்.

சூசைமாணிக்கம் காப்பியை நிதானமாக ஒரு மிடறு குடித்தார்.

"எங்க பஸ்லயா? வழி பூரா ஒருத்தரும் வாயையே தொறக்கலீங்களே. இவரை நான் இப்பத்தான் முதல் தடவையா பார்க்கறேன்."