படியோரத்துக் கல்

டக்.

ஈஸ்வர் நடையை நிறுத்தினார். காலைத் தூக்கி மறுபடி வைத்தார். மறுபடியும் டக்.

மாடி அறை முழுக்க வெறுங்காலோடு நடந்து பார்த்து, நான் ஒட்டிய டைல்ஸில் ஒரு கல்கூட ஆடவில்லை என்று சிரித்துக்கொண்டே வந்தவர், கடைசியில் படியோரத்துக் கல்லில் மாட்டிக்கொண்டார்.

நான் கொத்துக் கரண்டியைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

சேந்தமங்கலத்தில் அவருடையது பழைய வீடு. மாடித் தளம் மரப்பலகை. அதன்மேல் ஒட்டிய டைல்ஸ் எல்லாம் பெயர்ந்து ஆடுகிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்.

நேற்று, முதல் கல்லைக் கிளப்பியதும் எனக்குத் தலை சுற்றியது. அடியில் பலகையைக் காணோம். லாரி டியூபை வெட்டி விரித்து, அதன்மேல் சிமெண்டைப் பூசி ஒட்டியிருந்தது. ரப்பரில் சிமெண்ட் எந்தக் காலத்தில் பிடித்தது?

"எந்தப் புண்ணியவானுங்க இந்த வேலையச் செஞ்சது?"

"நான்தானுங்ண்ணா" என்றார், ரகசியம் பேசுவதுபோல.

லாரி ஓட்டுகிற மனுஷன். அவர் கைக்குக் கிடைத்தது டியூப்.

அவர் மனைவி மோகனப்பிரியா நாமக்கல்லில் நர்ஸ். ராத்திரி டூட்டி. பகலில் கீழ் அறையில் தூங்குவார். லோடு இல்லாமல் தான் வீட்டிலிருக்கும் நாளில், காலடிச் சத்தம் பலகை வழியாக இறங்கி அவரை எழுப்பிவிடக் கூடாதென்று ஈஸ்வர் பார்த்த வேலை அது. ஆறே மாதத்தில் கல்லெல்லாம் விட்டுப்போய், கால் வைத்த இடமெல்லாம் டக் டக்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, என் வீட்டில் நான் கதவைச் சாத்துகிற சத்தம் ஞாபகம் வந்தது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

டியூபை உரித்துப் போட்டேன். பலகையை இறுக்கி, சிமெண்ட் போர்டு வைத்தேன். டிரில்லைத் தொட விடவில்லை அவர். அத்தனை ஸ்குரூவையும் கையாலேயே முறுக்க வைத்தார். பசை குழைக்கத் தண்ணீர் பிடிக்க ஒரு தடவை கீழே போனேன். வந்து, சாயங்காலத்துக்குள் எல்லாக் கல்லையும் ஒட்டி முடித்தேன்.

"ஏனுங்ண்ணா, இது மட்டும் ஆடுதுங்களே?"

"பலகை மேல ஒட்டுனா ஒண்ணு ரெண்டு அப்பிடித்தானுங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒட்டிய கல் ஒன்றுகூட ஆடியதில்லை. ஈஸ்வரின் முகம் சுண்டிப்போனது. இந்த ஆளைப் போய் நம்பினோமே என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

நேற்று தண்ணீருக்குப் போனபோது, மோகனப்பிரியா கட்டிலில் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, மேலே கையைக் காட்டி, மெல்லச் சொன்னார்:

"அவருகிட்டச் சொல்லிறாதீங்ண்ணா. படிகிட்ட இருக்கற கல்லை மட்டும் ஆட உட்ருங்க. அது டக்குன்னு கேட்டாத்தான், அவரு ரோட்டுல இல்ல, ஊட்டுல இருக்காருன்னு எனக்குத் தூக்கமே வருதுங்க."