எந்த ஊரும்மா?

"சார், இந்தம்மா அந்தப் பொண்ணை அழ வெச்சுட்டுத்தான் விடுவாங்க போல" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்க துறை கலையரசன் என் காதைக் கடித்தார்.

எனக்கும் எரிச்சல் தலைக்கு ஏறியிருந்தது. மணி ரெண்டு. காலையில் தின்ன இட்லி எப்பவோ கரைஞ்சு போச்சு. இன்டர்வியூவுக்கு வந்த மற்றவங்களை எல்லாம் பத்துப் பத்து நிமிஷத்தில் அனுப்பின வெற்றிச்செல்வி மேடம், இந்த சத்யப்பிரியாவை மட்டும் ஒரு மணி நேரமா விடவே இல்லை.

பெரம்பலூரில் எங்க பல்கலைக்கழகத்துக்கு ஒரு ஆராய்ச்சி வந்திருந்தது. வசதியுள்ளவங்களுக்குக் கிடைக்கிற வைத்தியம் கூலி வேலை பார்க்கிறவங்களுக்கு ஏன் கிடைக்கலைன்னு பார்க்கணும். அந்த மக்களில் இருந்தும் ஒருத்தரைப் பேராசிரியரா எடுங்கன்னு பணம் தர்றவங்க கண்டிப்பா சொல்லிட்டாங்க. அதுக்குத்தான் இந்த இன்டர்வியூ.

சத்யப்பிரியா அரும்பாவூர் பக்கம் ஒரு காலனிப் பொண்ணு. அம்மா பருத்திக் காட்டுக் கூலி. எங்க துறையில் அப்படி வந்தவங்க இன்னும் ஒரே ஒருத்தர்தான் இருக்காங்க. யாருங்கறீங்க? வெற்றிச்செல்வி மேடமேதான்!

காலையில் டீ குடிக்கும்போதே கலையரசன், "போஸ்ட் யாருக்குன்னு முன்னாடியே முடிவாயிடுச்சு, இதுல எதுக்கு சார் வீணா கேள்வி?"ன்னு சத்தமாவே சிரிச்சார். மேடமும் அங்கேதான் இருந்தாங்க. டீயைக் குடிச்சுட்டு எழுந்து போயிட்டாங்க.

"காட்டு வேலைக்குப் போற பொம்பளைங்க நோய் முத்தின பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க. ஏன்?" என்று இப்போ சத்யப்பிரியாவைக் கேட்டாங்க மேடம்.

"எங்க ஊர்ல, மேடம்..."

"உங்க ஊரை விடுங்க. ஆதாரம் என்ன, அதைச் சொல்லுங்க."

அடக் கொடுமையே! அந்த ஊரைத் தெரிஞ்ச ஆள் வேணும்னுதானே கூப்பிட்டிருக்கோம்?

எத்தனை பேரை விசாரிச்சா ஆய்வு செல்லும்னு போர்டில் கணக்குப் போடச் சொன்னாங்க. அந்தப் பொண்ணும் போட்டு முடிச்சாள்.

"தப்பு" என்றாங்க மேடம்.

சத்யப்பிரியா போர்டைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கிடுச்சு.

"இல்லைங்க மேடம். சரிதான்" என்று முதலில் இருந்து விளக்கினாள்.

சரியாத்தான் இருந்தது. மேடம் ஒரு வார்த்தை பாராட்டணுமே! ஊஹூம். அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க. தன் சனம்னா கொஞ்சமாவது ஈரம் இருக்க வேணாமா?

ஒருவழியா முடிஞ்சுது. மார்க் போட உட்கார்ந்தோம்.

"சும்மா சொல்லக்கூடாது சார், இந்தப் பொண்ணுதான் ஃபர்ஸ்ட். கிட்டக்கூட யாரும் வரலை" என்றார் கலையரசன்.

எல்லாரும் அதையேதான் சொன்னோம். வேலை சத்யப்பிரியாவுக்கே.

வராந்தாவில் மேடத்தைப் பிடிச்சுட்டேன். என்னால் அடக்க முடியலை.

"கோவிச்சுக்காதீங்க மேடம். அந்தப் பொண்ணை ஏன் இப்படி வறுத்து எடுத்தீங்க? எந்த ஊருன்னு ஒரு கேள்வி கேட்டுட்டு நாங்களே எடுத்திருப்போமே!"

மேடம் நின்னாங்க.

"என்னையும் அப்படித்தான் சார் எடுத்தாங்க. விழுந்து விழுந்து படிச்சுட்டுப் போயிருந்தேன். எந்த ஊரும்மான்னாங்க. உடையார்பாளையம் பக்கம்னேன். சரி, போங்கன்னுட்டாங்க. வேற ஒண்ணுமே கேக்கலை. இன்னிக்கும் நான் வாயைத் திறந்தா, ஊர் பேரைச் சொல்லி உள்ளே வந்தவங்கதானேன்னு முதுகுக்குப் பின்னாடி பேசுறாங்க."

அப்படிப் பேசினவங்க யார் யாருன்னு எனக்கும் தெரியும்.

"சத்யப்பிரியாவை ஒருத்தரும் அப்படிச் சொல்ல முடியாது சார். எல்லாக் கேள்வியையும் நானே கேட்டுட்டேன்."