சிவப்புப் பேனா போட்ட டிக்

அந்த வீட்டுப்பாட நோட்டுக்குப் பொறுமை போய் ரொம்ப நாளாகிவிட்டது. டீச்சரின் சிவப்புப் பேனா தினமும் வரும், பக்கத்துக்கு ஒரு டிக் போடும், அடுத்த நோட்டுக்குத் தாவிவிடும்.

அன்றைக்கு நோட்டு விடுவதாக இல்லை. நாலாம் வகுப்பு நஸ்ரின் முந்தின நாள் சாயங்காலம் முழுக்க ஒரு வகுத்தல் கணக்கோடு மல்லுக்கட்டி, அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகி, கடைசியில் கீழே பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தாள்: "டீச்சர், மீதி வந்தா என்ன செய்றதுன்னு எனக்குப் புரியல."

"நில்லுப்பா. இந்த ஒரு வரியையாவது படிச்சிட்டுப் போ," என்றது நோட்டு.

"நாற்பத்தெட்டு நோட்டு கிடக்கு. பெல் அடிக்கப் பத்து நிமிஷம்தான் இருக்கு. நின்னு படிச்சா வேலை ஆகுமா?"

"பிள்ளைங்க பின்னே எதுக்குத்தான் எழுதுறாங்களாம்?"

"நான் டிக் போடத்தான்," என்றது பேனா. அந்த வரிக்கு நேராகவே டிக்கும் விழுந்தது.

மதியம் நஸ்ரின் நோட்டைத் திறந்தாள். தன் வரியையும் டிக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அந்த வரியை ரப்பரால் அழித்தாள். டிக் மட்டும் அழியவில்லை.

மறுநாள் காலை, பக்கத்தில் உட்காரும் தமயந்தியின் நோட்டை வாங்கி, பத்துக் கணக்கையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் மணிமணியாகப் பார்த்து எழுதினாள்.

பேனா வந்தது. முதல் தடவையாக ஒரு நொடி நின்றது.

"பாத்தியா, தினமும் வீட்டுப்பாடம் குடுத்தா பிள்ளை எப்படித் தேறுதுன்னு," என்றபடி 'வெரி குட்' எழுதிவிட்டுப் போனது.