ஐங்கரன் ஞாபகார்த்தக் கிண்ணம்

“நீ மட்டும் ஏன் சிரிக்கேல்லை, பிள்ளை?”

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு மடுத்தீன் அங்கிள் என்னிடம் கேட்டார்.

மைதானமே சிரித்துக்கொண்டிருந்தது. நான் தேநீரை அவர் முன்னால் வைத்துவிட்டுப் பின்னுக்குப் போய் நின்றேன்.

பாரிசின் லா சப்பலில் என் மாமியின் ரோல்ஸ், தேநீர்க் கடைக்கு அவர் தினமும் வருவார். யாழ்ப்பாணத்துக் குருநகரில் பந்தடித்துத் திரிந்தவர் கப்பலேறி ஸ்கொட்லாந்துக்குப் போனார். அங்கே கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றின் அணிக்கு விளையாடினார். முழங்கால் போனபின் அதே அணிக்கு மனேஜர் ஆனார். இப்போது மகளோடு இங்கே இருக்கிறார். கையில் தேநீர் இருந்தால் போதும், கதை தொடங்கிவிடும்.

அன்றைக்கு அவர்தான் பிரதம விருந்தினர். லா சப்பலின் கடைசித் தொங்கலில், தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மைதானம். ஊர்க் கழகத்தின் முதலாவது ஞாபகார்த்த உதைபந்தாட்டக் கிண்ணம்.

மேசையில் ஐங்கரன் அண்ணையின் படம் இருந்தது. கோல்காப்பாளர் உடுப்பில், முழங்காலில் பந்தை வைத்தபடி குந்தியிருந்தார். படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். முன்னால், இன்னும் ஏற்றாத விளக்கு.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் கடைசியாக அவரைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை.

அவர் மனைவி பூரணி அக்கா ஐந்து வருடமாக இந்தக் கிண்ணத்துக்குச் சம்மதிக்கவில்லை. விளக்கேற்றினால் ஆள் இல்லையென்று ஒத்துக்கொண்டதாகிவிடும். இந்த வருடம் எப்படியோ தலையாட்டினார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“பெயருக்கு முன்னாலை அமரர் எண்டு போடாதேங்கோ.”

“அது போடாமல் என்னெண்டு அக்கா ஞாபகார்த்தம்?” என்றார்கள் கழகத்தார். பதாகையில் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

பூரணி அக்கா பதாகைக்கு முதுகு காட்டி, நெற்றியில் பொட்டோடு, தீப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அதைத் திறந்து திறந்து மூடுவதை மடுத்தீன் அங்கிள் கண்டிருக்க வேண்டும். அதனால்தான் பகிடிகளைத் தொடங்கினார்.

“இடைவேளையிலை கோபம் வந்தா எனக்குத் தமிழ்தான் வரும். அவங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் ரெண்டாம் பாதி, பேய் கலைச்ச மாதிரி ஓடுவாங்கள்!”

“உங்கடை ஸ்கொட்லாந்து இங்கிலிசும் எங்களுக்கு அப்பிடித்தான், அங்கிள்!” என்று வீரர்களில் ஒருவன் கத்தினான்.

அதன் பிறகுதான் ஆங்குஸின் கதை.

ஆங்குஸ் அவர்களுடைய மைதானத்துக்குப் புல் வெட்டுகிறவர். ஒரு முறை அவர் மீன்பிடிக்கப் போன படகு புயலில் திரும்பவில்லை. சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் இரண்டு அணியும் வரிசையாக நின்று மௌன அஞ்சலி செலுத்தின. நடுவில், மைதானத்தின் வாசல் கேற் திறந்தது. நனைந்த சப்பாத்தோடு ஆங்குஸ் உள்ளே வந்தார். எல்லோரும் தலைகுனிந்து நிற்பதைக் கண்டதும் தானும் தொப்பியைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார். விசில் ஊதினதும் பக்கத்தில் நின்றவரிடம் மெல்லக் கேட்டார்.

“ஆர் செத்தது?”

பூரணி அக்கா சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. சிரிப்பு அடங்க முதல் கேட்டார்.

“உண்மையாத்தானோ அங்கிள்? வந்தவரோ?”

“பின்னை? எனக்குப் பக்கத்திலை வந்தெல்லோ நிண்டவர்.”

அப்போதுதான் மடுத்தீன் அங்கிள் என் முகத்தைப் பார்த்தார். ஏன் சிரிக்கவில்லை என்று கேட்டார்.

கடையில் இந்தக் கதையைப் பல தடவை கேட்டிருக்கிறேன். அங்கே பகிடி வேறு. நடுவரின் கடிகாரம் நின்றுபோய், குளிரில் எல்லோரும் விறைத்துப்போய் நிற்பார்கள். கேற் திறப்பதில்லை. ஆங்குஸின் தொப்பி மட்டும்தான் கரையொதுங்கியது.

நடுவர் எல்லோரையும் எழும்பச் சொன்னார். மௌனம் தொடங்கியது.

யாரும் தலை குனியவில்லை.

இரண்டு அணியும், கழகத்தாரும், சனமும் மைதானத்தின் இரும்புக் கேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவரும் அதைத்தான் பார்த்தார். விசில் அவர் உதட்டில் இருந்தது, ஊதவில்லை. ரயில் ஒன்று போய் முடிந்தது. அதற்குப் பிறகும் ஊதவில்லை.

கொளுக்கி கழலும் சத்தம் கேட்டது.

கேற் உள்பக்கமாகத் திறந்தது. ஒரு ஆள் வரக்கூடிய அளவுக்குத் திறந்து, நின்றது.

காற்று இல்லை. பதாகை அசையவில்லை. கேற்றுக்கு அப்பால் வெறும் தெரு.

சின்னப் பிள்ளை ஒன்று தாயின் சீலைக்குள் முகத்தை மறைத்தது. மடுத்தீன் அங்கிள் சிலுவை போட்டுக்கொண்டார். அவருடைய கை என் கையைத் தேடிப் பிடித்தது. குளிர்ந்திருந்தது.

“கதைதானே, பிள்ளை,” என்றார். “சும்மா ஒரு கதைதானே. அவவிட்டைச் சொல்லன்.”

நான் பூரணி அக்காவைப் பார்த்தேன்.

பூரணி அக்கா தீப்பெட்டியை மேசையில் வைத்தார். படத்தில் இருந்த மாலையைக் கழற்றி விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புல்லின் மேல் நடந்தார். வரிசையில் நின்றவர்கள் தாங்களாகவே விலகினார்கள்.

கேற்றடியில் அவர் நின்றார்.

அதை இன்னும் கொஞ்சம் இழுத்துத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒருவர் முதலில் போக இடம் விட்டு, ஒதுங்கி நின்றார்.

பிறகு, தானும் பின்னால் போனார்.