மடிக்காமல் போட வேண்டிய கடிதம்

பார்வையற்றோர் பள்ளியின் பழைய பிரெய்ல் பிரிண்டரைப் புதுக் கணினி அடையாளமே காணவில்லை. திங்கட்கிழமை பரீட்சை. அதைச் சரிசெய்யப் போன நான் மூன்று பென் டிரைவ்களில் மூன்று வகை லினக்ஸ் இயங்குதளம் வைத்திருந்தேன். முதலாவதில் அந்த பிரிண்டருக்கான மென்பொருளே இல்லை. இரண்டாவதில் இருந்தது, ஓடவில்லை. அதை உருவாக்குபவர்களின் இணையக் குழுவில் இரண்டு நாளாகக் கேட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவதிலும் இல்லைதான். ஆனால் அதன் குழுவில் கேட்ட பத்தாவது நிமிடம் வைரம் என்றொருவர், "இருங்க, அந்த மென்பொருள் இதுல ஓடுற மாதிரி நானே பேக்கேஜ் பண்ணித் தர்றேன்" என்று பதில் போட்டார்.

"எதைப் போடப் போறீங்க?" என்றார் பார்வையற்ற கணக்கு டீச்சர் பிலோமினா.

"மூணாவதை."

"அதுலயும் இல்லைன்னீங்களே?"

"ஆள் இருக்கு டீச்சர்."

வைரம் மூன்று முறை திருத்தி அனுப்பினார். மூன்றாவது முறை பிரிண்டர் தடதடவென்று புள்ளிகளைக் குத்தத் தொடங்கியது. தாள் முழுதாக வெளியே வருமுன்பே டீச்சர் விரலை வைத்துவிட்டார். "முதல் கேள்வியே கஷ்டம்," என்றார் பெருமையாக.

போட்டோ அனுப்பட்டுமா என்று வைரத்திடம் கேட்டேன்.

"தாளையே தபால்ல அனுப்புங்க சார். நானும் விரலால படிக்கிறவன்தான்."

டீச்சருக்கு அதை வாசித்துச் சொன்னேன்.

"பரீட்சைக்கு முன்னாடி கேள்வித்தாள் வெளிய போகக் கூடாது," என்றார் கறாராக. பிறகு என்னை எழுப்பிவிட்டு கீபோர்டு முன் உட்கார்ந்தார். "ஸ்கிரீனை ஆஃப் பண்ணுங்க."

பிரிண்டர் ஒரு பக்கம் முழுக்கத் தடதடத்தது. அதைத் தடவிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, வைரத்துக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் நீட்டினார். வழவழப்பான தாளில் சின்னச் சின்ன மேடுகள். அதைப் படிக்கத் தெரியாதவன் அங்கே நான் ஒருவன்தான்.