காகம் பறவையில் சேர்த்தியில்லை

"தகரத்தைக் கீழ வையுங்கோ! பறவைகளை வெருட்டுறது பாவம் எண்டு தெரியாதோ?"

வயல் வரம்பில் நின்று தகரம் அடித்துக்கொண்டிருந்த அமராவதி திடுக்கிட்டுத் திரும்பினார்.

ஜெயபுரத்துக் குளக்கட்டில் தொப்பியும் கமராவுமாக ஒருவர். சட்டையில் 'பறவை நேசர் வட்டம்' என்று எழுதியிருந்தது. நெளுக்குளத்திலிருந்து விடியவே வெளிக்கிட்டு, பூநகரிக் கோட்டையையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்த விஜிதரன். பின்னால் மனைவி ராஜினி, கையில் சாப்பாட்டுக் கரியரோடு.

"கிளி விழுதுங்க ஐயா. நாளைக்குத்தான் வெட்டுற மெசின் வருது. இந்த ஒரு ஏக்கர்தாங்க எங்க வருசச் சாப்பாடு. இன்னைக்கு விட்டா வைக்கோல்தான் மிஞ்சும்."

"கிளியும் உயிர்தானே? நான் போகுமட்டும் தகரச் சத்தம் கேக்கக்கூடாது. கேட்டால் மேலிடத்துக்கு எழுதுவன்."

எந்த மேலிடம் என்று அவர் சொல்லவில்லை. அமராவதியும் கேட்கவில்லை. படித்த மனிதரோடு என்ன வாய்க்காட்டுவது என்று தகரத்தை வைத்துவிட்டார். கிளிகள் கூட்டமாக வயலில் இறங்கின.

விஜிதரனின் கண்ணெல்லாம் குளத்தில் நின்ற கரண்டிவாயன்கள் மேல். வெள்ளை உடம்பு, கரண்டி மாதிரி அலகு. ஆனால் படம் எடுக்கப் போகும் போதெல்லாம் ஒரு காகம் குறுக்கே வந்து இருந்தது.

"சீ, சனியன்!" கல்லை எடுத்து எறிந்தார்.

"பறவையளை வெருட்டக்கூடாது எண்டு இப்பதானே சொன்னீங்கள்?" என்றார் ராஜினி.

"காகமெல்லாம் பறவையில சேர்த்தியோ?"

பத்துப் பதினைந்து கல்லில் குளக்கட்டில் ஒரு காகமும் மிஞ்சவில்லை.

ஒரு மணியானது. அன்று தை அமாவாசை. செத்துப்போன தகப்பனுக்கு விஜிதரன் விரதம். காகத்துக்குப் படைத்து, அது கொத்தின பிறகுதான் இவர் வாயில் வைக்கலாம். ராஜினி வாழையிலையில் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, வடை எல்லாம் வைத்தார்.

"கா... கா..."

தூரத்துப் பனையில் நாலு காகங்கள் இருந்தன. ஒன்றும் அசையவில்லை.

"கா, கா, கா!" பறவை நேசரின் குரல் கெஞ்சியது.

இரண்டு மணி. மனிதருக்குச் சீனி வருத்தம் வேறு, பசி தாங்காது. நெற்றி வேர்த்துக் கொட்டியது.

"இஞ்சேருங்கோ, மயங்கி விழப்போறியள். சாப்பிடுங்கோ."

"அப்பா பட்டினி கிடக்க நான் சாப்பிடுறதோ?"

வரம்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அமராவதிக்கு மனம் கேட்கவில்லை. எழும்பி வந்தார்.

"கல்லெறிஞ்ச முகத்தைக் காகம் மறக்காதுங்க ஐயா. இலையைத் தாங்க."

காவல் கொட்டிலின் கூரையில் இலையை வைத்து, "வாங்கடா" என்று ஒரு குரல்தான் கொடுத்தார். நாலும் வந்து இறங்கின.

"தெனமும் என் சோத்துல மொதப் பிடி இதுகளுக்குத்தாங்க. தகரம் கிளிக்கு மட்டும்."

முதல் காகம் வடையைக் கொத்தியது.

"அப்பா!" விஜிதரன் தலைக்குமேல் கைகூப்பினார். கண் கலங்கிவிட்டது.

"மாமா நல்லா மெலிஞ்சு போனார்," என்றார் ராஜினி.

இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டு, கை கழுவி, ஏப்பம் விட்ட பிறகு விஜிதரனுக்கு உயிர் வந்தது. மறுபடி கமராவை எடுத்தார். கரண்டிவாயன்கள் அலகைச் சிறகுக்குள் செருகி நித்திரை.

"சிறகை விரிச்சுப் பறந்தால்தானே படம்!"

அங்குமிங்கும் பார்த்தார். வரம்பில் கிடந்த தகரம் கண்ணில் பட்டது.

"அம்மா, அந்தத் தகரத்தை ஓங்கி ஒருக்கா அடியுங்கோ!"

காலையிலிருந்து அமராவதி காத்திருந்ததே இதற்குத்தான். விழுந்தது அடி.

கிளிகள் எழும்பின. கரண்டிவாயன்கள் எழும்பின. கூரையில் பாதிச் சாப்பாட்டில் இருந்த விஜிதரனின் அப்பாவும் எழும்பிப் பறந்துபோனார்.